கலுங்கின் உயரம்

கண்மாயைப் பார்க்கப் போகிறவர்கள் கரையைத்தான் பார்க்கிறார்கள். கரையில் பனைகள் நிற்கும், ஐயனார் இருப்பார், மண்குதிரைகள் இருக்கும். ஏறி நின்றால் ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் வயலும் தெரியும். கலுங்கு அப்படி யாரையும் கூப்பிடுவதில்லை. கரையின் ஒரு கோடியில், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில், கரையைவிடத் தாழ்வாகக் கல்லும் காரையுமாகக் கட்டிய ஒரு தளம், அவ்வளவுதான். பழைய கலுங்குகளில் அந்தத் தளத்தின்மேல் குத்துக்கற்கள் வரிசையாக நட்டிருக்கும். கண்மாய் நிறைந்து தண்ணீர் தளத்தைத் தொட்டுவிட்டால் அதன்பின் அங்கே நிற்காது, மறுகால் போய்விடும். மறுகால் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. அந்தக் கண்மாய்க்கும் ஒரு கலுங்கு உண்டு.

ராமநாதபுரம் மாவட்டத்தின் நிலத்தையும் மனிதர்களையும் அறிய விரும்புகிறவர்களை நான் முதலில் இந்தக் கற்களிடம்தான் அழைத்துப் போவேன். அரண்மனையும் கோயிலும் பாம்பன் பாலமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாவட்டத்தில் மலை இல்லை. வற்றாத ஆறும் இல்லை. மேற்கிலிருந்து கிழக்கும் தென்கிழக்குமாகக் கடலை நோக்கி நிலம் சரிகிறது. அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்தால் தண்ணீருக்கு மட்டும் தெரியும். அதைத் தண்ணீருக்கு அடுத்தபடியாகக் கண்டுகொண்டவர்கள் இங்கே குடியேறியவர்கள். எங்கே மண்ணை அள்ளிக் குவித்தால் எவ்வளவு நீர் நிற்கும் என்று பார்த்து, பிறை வடிவில் கரை எடுத்தார்கள். கரையின் முதுகு கடலைப் பார்த்திருக்கும், வாய் மேற்கே திறந்திருக்கும். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள். ஒன்றன் மறுகால் மற்றொன்றின் வரத்து என்று கடல்வரை தொடர்கின்றன. தனிக் கண்மாய் என்று ஒன்றை இங்கே தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை. அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த நாட்களை நம்பித்தான் விவசாயம். ஆவணி புரட்டாசியில், மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிடுவார்கள். தஞ்சாவூர்க்காரர் ஒருவரை அழைத்துவந்து இதைக் காட்டினால் அவருக்கு மனம் பதறும். நாற்றங்கால் இல்லை, நடவு இல்லை. விதை புழுதிக்குள் கிடந்து மழைக்குக் காத்திருக்கும். பயிரை முளைக்கவைத்து வளர்ப்பது மழையின் வேலை. கண்மாயின் வேலை கடைசியில்தான் வரும். மழை நின்று, கதிர் பிடிக்கிற நேரத்தில், “இன்னும் ஒரு தண்ணி இருந்தா பொழச்சுக்கும்” என்று சம்சாரி வயலைப் பார்த்துச் சொல்வார். அந்த ஒரு தண்ணிக்காகத்தான் இத்தனை கரையும் மடையும்.

அந்த ஒரு தண்ணி தன் வயலுக்கு வேண்டும் என்று மேல் கண்மாய்க்காரர் நினைப்பது இயல்பு. கீழ் கண்மாய்க்காரரும் அதையேதான் நினைக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது கலுங்கு.

முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கலுங்கின்மேல் உட்கார்ந்து ஒரு பெரியவர் எனக்கு இதை விளக்கினார். குத்துக்கல் எதற்கென்று கேட்டேன். “மழை ஓஞ்ச பெறகு இந்தக் கல்லுக்கு நடுவுல பலகைய வச்சு, களிமண்ண அப்பி, ஒரு முழம் தண்ணிய ஏத்திக்கிருவோம் தம்பி. மழை ஓயணும். அதுக்கு முன்னாடி வச்சா கரை ஒடஞ்சு போகும். அதவிட, கீழ இருக்கவுக வந்துருவாக.” வந்து என்ன செய்வார்கள் என்று கேட்டேன். “என்ன செய்வாக? எடுத்து எறிஞ்சுட்டுப் போவாக. எங்க அய்யா காலத்துல வெட்டுக்குத்தே ஆகியிருக்கு” என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, கல்லின் ஓரிடத்தில் விரலை வைத்துக் காட்டினார். அந்த இடத்துக்கு மேல் தண்ணீர் ஏறினால் உள்வாயில் நிலம் வைத்திருப்பவர்களின் பயிர் மூழ்கும். அதற்குக் கீழே நின்றால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. அவருக்கு அந்த இடம் விரலுக்குத் தெரிந்திருந்தது. கீழ் ஊரில் ஒருவரைக் கேட்டாலும் அதே இடத்தைத்தான் காட்டுவார் என்று உறுதியாகச் சொன்னார்.

எதிரெதிர் நலன் கொண்ட இரண்டு ஊர்கள் ஒரே இடத்தில் விரலை வைக்க முடிகிறது என்பது சாதாரணக் காரியமாக எனக்குப் படவில்லை. அண்டை வீட்டு வேலிக்கே நாம் ஒப்புக்கொள்ளாத காலம் இது.

பெரிய கண்மாய்களிலும் இதே கதைதான், அளவு மட்டும் வேறு. ராஜசிங்கமங்கலம் கண்மாய், பாண்டியன் ராஜசிம்மன் பெயரைத் தாங்கியது. மைல் கணக்கில் நீளும் அதன் கரையைப் பற்றி ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ஊரார் சொல்வார்கள். ஒரே மூச்சில் பறந்து கடக்க நாரையாலும் ஆகாதாம். ராமநாதபுரம் நகரை ஒட்டிய பெரிய கண்மாய் வைகையின் கடைசி. கடலில் கலக்காத ஆறு என்று புலவர்கள் வைகையைப் பாடியதற்குக் காரணம் இந்தக் கண்மாயும், வழிநெடுக அந்த ஆற்றிலிருந்து நீரை வாங்கிக்கொண்ட மற்றக் கண்மாய்களும். ஆறு பெருகும் ஆண்டில் பெரிய கண்மாயின் மிச்சம் ஆற்றங்கரை என்ற ஊர்ப்பக்கம் போய்ப் பாக் நீரிணையில் சேர்கிறது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று இன்று பறவைகள் சரணாலயங்களாக அறியப்படுபவை எல்லாம் பாசனத்துக்கு வெட்டிய கண்மாய்கள்தான். முதலிரண்டும் 2022இல், மற்ற இரண்டும் 2025இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. உலகம் பாதுகாக்க வேண்டிய ஈரநிலங்கள் என்று இந்த வறண்ட மாவட்டத்தில் நான்கு கண்மாய்களுக்கு முத்திரை விழுந்திருக்கிறது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அதற்குப் பல தலைமுறை முன்பே அந்த முடிவுக்கு வந்துவிட்டன.

இதைப் படிக்கும்போது ஒரு பொற்காலம் கண்முன் வரக்கூடும். அதை நம்பிவிடக் கூடாது. மானிடவியலாளர் டேவிட் மோஸ் இந்தப் பகுதியின் கண்மாய்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ என்ற நூலை 2003இல் வெளியிட்டார். கண்மாய்கள் ஊர் ஒற்றுமையால் மட்டும் நின்றவை அல்ல, அரசும் அதிகாரமும் மானியமும் மரியாதையும் சேர்ந்து நிறுத்தியவை என்பது அவர் காட்டும் உண்மை. ஊரார் கூடிக் கண்மாயைப் பழுதுபார்க்கும் வழக்கத்தைக் குடிமராமத்து என்று நாம் பெருமையாகச் சொல்வதுகூட நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதோ தானாக நடந்ததோ அல்ல. கரையில் நடந்ததெல்லாம் நியாயம் என்றும் சொல்ல முடியாது. மடையைத் திறந்து, வயல் வயலாக முறை வைத்து நீர் பாய்ச்சிய நீர்பாய்ச்சி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதை அவரைவிடச் சரியாக அளக்க ஒருவரும் கிடையாது. அந்த ஆயக்கட்டில் அவருக்கென்று நிலம் இருந்ததா என்று கேட்டால் பதில் பல ஊர்களில் தலைகுனிய வைக்கும். குடிக்கும் ஊருணியில் அவர் குடத்தை இறக்க முடிந்ததா என்பது அடுத்த கேள்வி. 1957இல் முதுகுளத்தூர்ச் சீமை சாதிக் கலவரத்தில் எரிந்தது. தண்ணீரை அடுத்த ஊருக்கு விடத் தெரிந்த ஊர்கள், பக்கத்துத் தெருவுக்கு மரியாதையை விடத் தெரியாமல் நின்றன. இதை விட்டுவிட்டு இந்த மண்ணைப் புகழ்கிறவர்கள் இந்த மண்ணை நேசிப்பதாக நான் எண்ணவில்லை.

ஆனாலும் கலுங்கு இருந்தது. அன்பில்லாத இடத்திலும், சண்டை ஓயாத இடத்திலும் அது வேலை செய்தது. என்னைத் திரும்பத் திரும்ப யோசிக்க வைப்பது இதுதான்.

ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் சீமை 1803இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிரந்தரத் தீர்வையில் ஜமீன் ஆனது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம் உழுதவருக்குப் பட்டாவாக வந்ததில் பெரிய நியாயம் இருந்தது. கண்மாய்களோ அலுவலகங்களுக்குப் போயின. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் பொதுப்பணித்துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று பிரித்தார்கள். தாளில் பார்த்தால் ஒழுங்கான ஏற்பாடு. சரிவில் நின்று பார்த்தால், மேல் கண்மாய் ஒரு துறைக்கும் அதன் மறுகாலை வாங்கும் கீழ் கண்மாய் வேறொரு துறைக்கும் சொந்தம். கலுங்கைத் தாண்டும் தண்ணீர் ஒரு நொடியில் துறை மாறிவிடுகிறது. கோப்பு அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. ஒரு கண்மாயைத் தூர்வாரி ஆழப்படுத்தி, கலுங்கைப் புதுக் கான்கிரீட்டில் சற்று உயர்த்திக் கட்டிவிட்டால், செய்தவருக்கு அது நல்ல பணி. அந்தச் சில அங்குலம் கீழே எத்தனை வயலுக்குக் கடைசித் தண்ணியாகப் போயிருக்கும் என்பது அந்த மதிப்பீட்டில் வராது.

வரத்துக்கால்களைச் சீமைக்கருவேலம் அடைத்தது அடுத்த கேடு. கருவை என்றுதான் இங்கே சொல்வார்கள். அதை ஒழித்தால் மாவட்டம் பிழைத்துவிடும் என்று மேடைகளில் பேசுகிறார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் கமுதியிலும் கடலாடியிலும் அடுப்பெரிந்தது அந்தக் கருவையை வெட்டி, அடுக்கி, செத்தையும் ஈரமண்ணும் போட்டு மூடி, நாள்கணக்கில் புகையவிட்டு எடுத்த கரிமூட்டத்தால்தான். கண்மாய்க்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் அதை வேரோடு பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்கும்போது அதை நம்பிய குடும்பத்துக்கு என்ன வழி என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்’ என்று அரசு ஊழியரை மிரட்டுகிற பேச்சு தமிழ்நாடு முழுக்க உண்டு. அந்தக் காடு எங்கள் பிள்ளைகள் பிறந்த ஊர். கோடையில் கண்மாய் வற்றியபின், அதன் நடுவே இடுப்பளவு ஊற்றுத் தோண்டி, பெண்கள் ஒவ்வொருவராக இறங்குவார்கள். ஊற்று ஊறும்வரை காத்திருந்து, சிரட்டையால் மெல்ல மோந்து குடத்தில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் கலங்கிவிடும். கலங்கிய நீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைப்பார்கள். ஒருத்தி குடம் நிறைந்ததும் அடுத்தவள் இறங்க இடம் விட்டு ஏறிவிடுவாள். இரண்டாவது குடம் வைத்திருந்தால் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். அங்கே காவல் இல்லை, சீட்டு இல்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின் பல ஊர்களில் இந்தக் காட்சி குறைந்தது. குழாய் வராத நாட்களில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தார்ச்சாலையில் போவதை இன்றும் பார்க்கலாம். இதை வறுமையின் படமாக எடுத்துப் போட்டவர்கள் நிறையப் பேர். அந்த வரிசையில் இருந்த ஒழுங்கை எடுத்துப் போட்டவர்கள் குறைவு.

கலுங்கின் கணக்கு ஊற்றங்கரையிலும் நடக்கிறது. எது போதும் என்பது ஒருத்தியின் தாகத்தைப் பார்த்து முடிவாவதில்லை. மேலே குடத்தோடு நிற்பவளைப் பார்த்து முடிவாகிறது.

நகரங்கள் இந்தக் கணக்கிலிருந்து சற்று விலகி நிற்கின்றன. பரமக்குடியும் எமனேசுவரமும் தறியை நம்பின. கீழக்கரை கடலை நம்பியது. அதன் மரைக்காயர்கள் கப்பலோட்டிச் சேர்த்ததைக் கொடுத்துப் பெயரெடுத்தார்கள், ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ அந்த மண்ணின் பேச்சு. ராமேசுவரம் யாத்திரிகரை நம்புகிறது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியை இழந்தபின்னும் கடலை விட்டு நகரவில்லை. உள்நாட்டுக் கிராமங்களின் பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். ஐப்பசியில் ஊருக்குப் பேசும்போது அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, “கம்மா பெருகிருச்சா?” என்பதுதான். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுப் போனவர்களும் அதைக் கேட்பார்கள்.

வைகைக்கு வருவோம். மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே வைகைக்குத் திருப்பலாம் என்ற எண்ணம் முதலில் உதித்த இடங்களில் ஒன்று ராமநாதபுரம் அரண்மனை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை, மேற்கு மலைக்கு ஆட்களை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். முடியும் என்று வந்து சொன்னார்கள். பணம் கூடவில்லை. நூறாண்டு கழித்து, 1895இல், பென்னிகுக்கின் அணை அதை நடத்திக் காட்டியது. கம்பமும் மேலூரும் பசுமையானதில் எங்களுக்கு மகிழ்ச்சி உண்டு. நினைத்தது கடைமடை, நனைந்தது தலைமடை என்பதும் மறக்கக்கூடிய செய்தி அல்ல. வைகையின் பழைய பாசனப் பங்கில் ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்ற விகிதம் இருக்கிறது. விகிதம் தாளில் தெளிவாக நிற்கிறது. பார்த்திபனூர் மதகணைக்கு அந்த 7 எப்படி வந்து சேர்கிறது என்பதை ஒவ்வொரு ஆண்டும் கடைமடைச் சம்சாரி வானத்தையும் செய்தித்தாளையும் மாறிமாறிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.

போதும் என்ற மனம் வேண்டும் என்று நமக்குச் சிறுவயதிலிருந்து சொல்லித் தந்திருக்கிறார்கள். அதை உள்ளத்தில் வளர்க்கவேண்டிய குணமாக, பெரியவர்களுக்கு வாய்த்த பக்குவமாக நினைத்துக்கொண்டோம். ராமநாதபுரத்துச் சம்சாரி மனத்தை அவ்வளவு நம்பவில்லை. கண்மாய் தளும்பி நிற்கும் இரவில், மழை கொட்டும்போது, நிறைந்த நீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனால் எது போதும் என்று நியாயமாகச் சொல்ல முடியாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தன்னைப் பற்றித் தெரிந்திருந்தது. ஆகவே கோடையில், கண்மாய் காய்ந்து கிடக்கும்போது, யார் கையிலும் ஒரு சொட்டுக்கூட இல்லாதபோது, கீழ் ஊர்க்காரரும் நின்று பார்க்க, ‘போதும்’ என்பதைக் கல்லாக நட்டுவைத்தான். அதன்பின் அவன் நல்லவனாக இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. அவன் தூங்கிக்கொண்டிருந்தாலும் மறுகால் போகும். கோபத்தில் இருந்தாலும் போகும்.

மற்ற இடங்களில் இதை மறக்க ஒரு வசதி இருந்தது. நிலத்தடியில் நல்ல நீர் இருந்த ஊர்களில் அவரவர் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டார்கள். ஆழ்துளைக் கிணற்றுக்குக் கலுங்கு கிடையாது. ‘இதற்குமேல் அடுத்தவருக்கு’ என்று அதில் எந்த உயரமும் குறிக்கவில்லை. மோட்டார் உறிஞ்சும்வரை நமது. ராமநாதபுரத்தில் பெரும்பகுதிக்கு நிலத்தடி உப்பு. தோண்டித் தப்பிக்கும் வழி அடைபட்டிருந்ததால் மேல் ஊரும் கீழ் ஊரும் ஒன்றை ஒன்று விட்டு விலக முடியவில்லை. பற்றாக்குறை அவர்களை நல்லவர்களாக்கியது என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் வாழ முடியாத நிலையில் வைத்தது. எல்லையை எங்கே போடுவது என்ற அறிவு அந்த முகத்தைப் பார்த்துத்தான் வருகிறது. கீழே யாரும் இல்லை என்று நினைக்கிறவனுக்கு எவ்வளவு இருந்தாலும் போதாது.

செல்வம் வந்தபின் எவ்வளவு கொடுப்பது என்று யோசிக்கலாம், பதவி வந்தபின் எங்கே நிற்பது என்று முடிவெடுக்கலாம் என்று நாம் தள்ளிப்போடுகிறோம். நிறைந்தபின் கலுங்கு கட்டிய கண்மாய் எதையும் நான் பார்த்ததில்லை.

இன்று இந்த மாவட்டத்தில் கண்மாய் வேலை நடக்காத கோடை இல்லை. மண் அள்ளுகிறார்கள், கரை உயர்த்துகிறார்கள், பெயர்ப்பலகை வைக்கிறார்கள். எவ்வளவு கன மீட்டர் மண் எடுத்தார்கள் என்பது பலகையில் இருக்கிறது. கலுங்கின் மட்டம் என்ன, அது முன்பு எவ்வளவு இருந்தது, மறுகால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்ற விவரத்தையும் அதில் எழுதலாம். வேலை தொடங்கும் நாளில் கீழ்க் கண்மாயின் சம்சாரி ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்தலாம். எந்த உயரம் என்று அவருக்குத் தெரியும். அதைக் காட்டக்கூடிய பெரியவர்கள் இன்னும் பல ஊர்களில் உயிரோடு இருக்கிறார்கள். அடுத்த கோடைக்குள் அவர்களிடம் போய்க் கேட்டு அளந்து எழுதிவைக்க வேண்டும்.